ஹைட்ரோஜெல்: நீர்க்கூழ்மமா, நீர்க்களியா?

பாதாம் பிசினில் இரண்டு துண்டை இரவில் தண்ணீரில் போட்டு வைத்தால், காலையில் கிண்ணம் நிறையப் பளிங்குபோல உப்பி நிற்கும். அவ்வளவு நீரைக் குடித்தும் அது கரைந்துபோவதில்லை. விரலால் அழுத்தினால் நெகிழ்ந்து கொடுக்கும். இப்படி நீரை வாங்கிக்கொண்டு உருக்குலையாமல் நிற்கும் பொருளே ஹைட்ரோஜெல். ஒன்றோடொன்று பிணைந்த பலபடி (பாலிமர்) மூலக்கூறுகளின் வலை நீரைப் பிடித்து வைத்திருக்கிறது.

சொல்லின் முற்பகுதி நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'ஜெல்' என்பது ஜெலட்டின் என்பதன் குறுக்கம். அதன் வேர், உறைதலைக் குறிக்கும் இலத்தீன் வினை. 'ஜெல்' என்ற பெயரைச் சூட்டியவர் 19ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரகாம். மருத்துவத்தில் இப்பொருளுக்கு இடம் தேடித் தந்தவர்கள் செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டர்லேயும் த்ராஹோஸ்லாவ் லிம்மும். 1960இல் அவர்கள் வெளியிட்ட ஆய்விலிருந்தே இன்றைய மென்மையான கண்வில்லைகள் பிறந்தன.

தமிழில் இதனை 'நீர்க்கூழ்மம்' என்று எழுதுவோர் உண்டு. அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. நம் பாடநூல்களில் கூழ்மம் என்பது, ஒரு பொருளின் நுண்துகள்கள் இன்னொன்றில் கரையாமல் பரவி நிற்கும் கொலாய்டு என்னும் பெருவகைக்கு உரிய பெயர். பாலும் புகையும்கூட அதில் அடங்கும். ஜெல் அதன் ஒரு பிரிவு மட்டுமே. மேலும், நீரில் துகள்கள் மிதக்கும் ஹைட்ரோசோலையும் நீர்க்கூழ்மம் என்றே சொல்ல வேண்டிவரும். இரு வேறு பொருள்கள் ஒரே பெயரில் கலந்துவிடும். நம் அடுப்படியே இதற்கு விடை வைத்திருக்கிறது. கேழ்வரகுக் கூழைச் சொம்பில் ஊற்றலாம். களியை உருட்டித்தான் வைக்க வேண்டும். ஆய்வகத்திலும் குப்பியைக் கவிழ்த்து, உள்ளிருப்பது வழியாமல் நின்றால் அது ஜெல்லாகிவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். ஆகவே 'நீர்க்களி' என்பதே தகுந்த சொல்.

வெப்பம், அமிலத்தன்மை, சர்க்கரை அளவு ஆகியவற்றின் மாற்றத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வகைகளை 'ஸ்மார்ட்' என்கிறார்கள். அதை 'அறிவார்ந்த' என்று பெயர்ப்பது, இல்லாத அறிவைப் பொருளுக்கு ஏற்றிவிடுகிறது. உயிரியல் பாடத்தில் 'தூண்டல்', 'துலங்கல்' என்ற அருமையான இணை நமக்கு இருக்கிறது. தொட்டதும் இலை மூடும் தொட்டாற்சுருங்கியை அப்படித்தான் விளக்குகிறோம். எனவே இவற்றைத் 'துலங்கு நீர்க்களி' எனலாம். எதற்குத் துலங்குகிறது என்பதை நான்காம் வேற்றுமை சொல்லிவிடும்.

வெப்பத்துக்குத் துலங்கும் நீர்க்களிகளில் பெயர்பெற்ற ஒன்று, ஏறத்தாழ 32 பாகை செல்சியசுக்கு மேல் நீரை வெளியேற்றிச் சுருங்குகிறது. உடல் வெப்பம் அதனினும் கூடுதல் என்பதால் மருந்தூட்டல் ஆய்வாளர்கள் அதை விடாமல் ஆராய்கிறார்கள். நலமான தோல் சற்றே அமிலத்தன்மை உடையது, ஆறாத நாட்பட்ட புண் பெரும்பாலும் காரத்தன்மைக்குச் சாய்கிறது என்பதால், அந்த வேறுபாட்டுக்குத் துலங்கி மருந்தை விடும் காயக்கட்டுகளும் ஆய்வில் உள்ளன. குளுக்கோசுக்குத் துலங்கும் நீர்க்களியோ, குருதியில் சர்க்கரை ஏறும்போது உப்பி, தன் வலைக்குள் வைத்திருக்கும் இன்சுலினை வெளியிடுகிறது. நீரிழிவு கொண்ட எலிகளில் இது சோதிக்கப்பட்டிருக்கிறது.