கிராஃபீன் ஏன் கட்டி தட்டுகிறது?

கிராஃபீன் என்பது ஓரணுத் தடிமனே உள்ள கார்பன் படலம். அதன் பெயரைச் சொன்னாலே, எஃகைவிட 200 மடங்கு வலிமை என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வலிமை அளந்து பார்த்ததுதான். 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒற்றைப் படலத்தை நுண்ணிய முனையால் அழுத்திச் சோதித்தபோது 130 கிகாபாஸ்கல் வரை தாங்கியது. சரி, அப்படியானால் அதை அள்ளி, இறுகிக் கெட்டியாகும் எபாக்சி பிசினில் போட்டால் பிசினும் அவ்வளவு உறுதியாகிவிடுமா? ஆகாது. சரியாகக் கலக்காவிட்டால் வெறும் பிசினைவிடச் சீக்கிரமே உடையும்.

ஒரு கிராம் கிராஃபீனின் இரு பக்கங்களையும் சேர்த்தால் 2,630 சதுர மீட்டர் பரப்பு வரும். பிசின் பற்றிக்கொள்ள இவ்வளவு இடம் இருப்பதுதான் அதன் பெருமை; தொல்லையும் அதுவேதான். தட்டையான இரண்டு படலங்கள் நெருங்கினால் அணுக்களுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பான வான் டெர் வால்ஸ் விசை இழுக்கிறது. ஓர் அணுவுக்கு அது அற்பம்தான். லட்சக்கணக்கான அணுக்களில் சேரும்போது உடும்புப்பிடி. 0.335 நானோமீட்டர் இடைவெளியில் ஒட்டி அடுக்கானதும் அது பென்சில் முனையில் இருக்கும் பழைய கிராஃபைட்டாகிவிடுகிறது.

அப்படி ஒட்டிய கட்டியில் பிசின் தொடுவது வெளிப்படலத்தை மட்டுமே. உள்ளே இருப்பவை சுமை வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். போதாக்குறைக்குக் கட்டியின் ஓரத்தில் தகைவு (சுமையால் உள்ளே எழும் விசை) குவிந்து விரிசல் அங்கேயே தொடங்கும்.

கேழ்வரகு மாவை நேராகக் கொதிநீரில் கொட்டாமல் முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொள்வோம் இல்லையா, ஆய்வகத்திலும் அதே வழிதான். முதலில் ஏற்ற கரைப்பானில் படலங்களைப் பிரித்து, அப்புறம் பிசினில் சேர்க்கிறார்கள். மேற்பரப்பு ஆற்றல் (புதுப் பரப்பை உருவாக்கத் தேவைப்படும் ஆற்றல்) கிராஃபீனுக்கு நெருக்கமாக உள்ள கரைப்பானில் படலங்கள் மீண்டும் ஒட்டுவது குறைகிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஜொனாதன் கோல்மன் குழு 2008இல் இதைக் காட்டியது. 2014இல் அதே குழு, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் கிராஃபைட்டைப் போட்டுச் சமையலறை மிக்சியிலேயே அடித்துப் பிரித்தது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

பிரிப்பதற்குப் பெரும்பாலும் மீயொலியை, அதாவது காதுக்குக் கேட்காத உயர் அதிர்வொலியைப் பயன்படுத்துகிறார்கள். திரவத்தில் தோன்றும் குமிழிகள் வெடிக்கும் வேகத்தில் அடுக்குகள் விலகுகின்றன. ஆனால் நேரம் நீண்டால் படலங்களே கிழிந்து துணுக்காகும். பிசினிலிருந்து படலத்துக்குச் சுமை ஏறுவது அதன் பரப்பு வழியாகத்தான். துணுக்கு மிகச் சிறியதானால் முழுச் சுமை ஏறும் முன்பே அதன் நீளம் முடிந்துவிடும். நன்றாகப் பிரிய வேண்டும், ஆனால் கிழியக் கூடாது. வேதியியல் வழியிலும் இதே இழுபறிதான். ஆக்சிஜன் தொகுதிகளை ஏற்றிய கிராஃபீன் ஆக்சைடு தண்ணீரிலேயே எளிதாகப் பிரியும், எபாக்சியோடு பிணைப்பும் கொள்ளும். அதற்கு விலையாகக் கார்பன் வலையில் குறைகள் விழுந்து, மின்கடத்தும் திறன் பெரிதும் போய்விடும்.

பரவல் சரியாக அமைந்தால் மிகக் கொஞ்சமே போதும். அமெரிக்காவின் ரென்சிலியர் பாலிடெக்னிக்கில் நிகில் கொராட்கர் குழு 2009இல் எபாக்சியில் எடையளவில் 0.1 சதவீதம் மட்டும் கலந்தது. இழுவலிமை ஏறத்தாழ 40 சதவீதம் கூடியது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஆக்சைடிலிருந்து வெப்பத்தால் பெற்ற சுருக்கம் விழுந்த படலங்கள். அந்தச் சுருக்கங்களும் பிசினைப் பற்ற உதவின.

பிரித்துக் கலந்தபின்னும் வேலை முடிவதில்லை. கரைப்பான் மிச்சமிருந்தால் பிசின் இளகும், அதனால் அதை முழுவதும் ஆவியாக்க வேண்டும். ஹார்டனர் (பிசினை இறுகவைக்கும் பொருள்) சேர்த்துச் சூடேற்றும்போது பிசின் முதலில் நீர்த்துப் போகும். அது இறுகுவதற்கு முந்தைய அந்த நேரத்தில் படலங்கள் நகர்ந்து மறுபடியும் ஒட்டிக்கொள்ளலாம்.