மாத்திரையைப் பிடிக்கும் கரி

பினாங்கில் எங்கள் வீடுகளில் தாத்தாவின் இனிப்பு நீர் (நீரிழிவு) மாத்திரையும் வயிற்றுப்போக்குக்கு வாங்கிய கரி மாத்திரையும் பெரும்பாலும் ஒரே டப்பாவில்தான் கிடக்கும். பேரப்பிள்ளை தாத்தாவின் மாத்திரையை மிட்டாய் என்று விழுங்கிவிட்டால், கை உடனே கரி மாத்திரையைத் தேடும். தேடுவதில் நியாயம் இருக்கிறது. மருத்துவமனையிலும் கரிதான் கொடுப்பார்கள். ஆனால் அது வேறு கணக்கு.

தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீராவி பாய்ச்சினால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறந்துகொள்ளும். அப்படிப்பட்ட கரியின் ஒரு கிராமுக்குள் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு உண்டு. பன்னிரண்டு பூப்பந்து ஆடுகளங்கள் ஒரு சிட்டிகைக்குள்! கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்ற இனிப்பு நீர் மருந்துகளின் மூலக்கூறுகள் அந்தத் துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. இதுதான் பரப்புக் கவர்ச்சி. கரி இரத்தத்தில் கலப்பதில்லை. பிடித்ததைச் சுமந்தபடி மலத்தோடு போய்விடும்.

குடலைத் தாண்டிய மருந்தைக் கரி பெரும்பாலும் எட்டிப் பிடிக்காது. அதனால்தான் விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். தாண்டிய மருந்து கணையத்தின் பீட்டா செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாசலை அடைத்து, தேவையில்லாதபோதும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஒரே மாத்திரைகூடச் சிறு குழந்தையின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கலாம், அதுவும் பல மணி நேரம் கழித்து. குழந்தை ஓடியாடுகிறதே என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம். 12 கிலோ குழந்தைக்கு 250 மில்லிகிராம் கரி மாத்திரை 48 வேண்டும்! மயங்கும் குழந்தைக்கு ஊட்டினால் கரி நுரையீரலுக்குள் போகும். அது உயிருக்கே உலை. மாத்திரை அட்டையோடு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். மருத்துவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது.

இன்னொரு இனிப்பு நீர் மருந்தான மெட்ஃபோர்மினையும் கரி பிடிக்கும். ஆனால் மெட்ஃபோர்மின் மிகையானால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். முற்றினால் டயாலிசிஸ்தான் வழி.

தினசரி மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்கும் ஒன்று. அகார்போஸ் குடலுக்குள்ளேயே வேலை செய்து, மாவுச்சத்து சர்க்கரையாவதைத் தாமதப்படுத்தும் மருந்து. அதனால் வாயு சேரும். வாயுவுக்கென்று கரி மாத்திரை போட்டால், அது அகார்போஸையும் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறும். மருந்தகத்தில் கரி கேட்கும்போது, இனிப்பு நீருக்கு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.