ஹெட்லைட்டுக்குள் ஐந்து சொட்டுத் தண்ணீர்

மார்கழி விடியலில் காசிமேட்டுப் பக்கம் தெருவோரம் நிற்கும் கார்களைப் பார்த்தால், சில ஹெட்லைட்டுகளில் கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாக மூட்டம் கட்டியிருக்கும். துடைத்தால் போகாது. வண்டிக்காரர் பதறிப்போய் ஒர்க்‌ஷாப்பில் விடுவார். அங்கே அடிக்கடி நடக்கும் வைத்தியம் சிலிக்கான் டியூபைப் பிதுக்கி, கண்ணில் படுகிற ஓட்டையை எல்லாம் அடைப்பது. உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஹெட்லைட் காற்றுப் புகாத பெட்டி இல்லை. அப்படிச் செய்யவும் கூடாது. பல்பு எரிந்து உள்ளிருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் அது பத்தில் ஒரு பங்கு விரிய வேண்டும். விரிய வழியில்லை என்றால் அழுத்தம் அதே அளவு ஏறும், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம். முன்கண்ணாடி அரை மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் உயரம் என்றால், உள்ளிருந்து 100 கிலோ எடை தள்ளுவதற்குச் சமம். தினமும் விளக்கு போடும்போதெல்லாம் கொஞ்சம் கனத்த ஆள் ஒருவர் உள்ளே நின்று முட்டித் தள்ளுகிறார் என்றால் ஓரத்துப் பசை எத்தனை நாள் தாங்கும்? அதனால்தான் ஹெட்லைட்டுகளுக்குப் பின்னால் மூச்சுத்துளை வைக்கிறார்கள். பல வண்டிகளில் அது கீழ்நோக்கி வளைந்த, சுண்டுவிரல் நீள ரப்பர் குழாய். சிலவற்றில் பஞ்சு வைத்த மூடி. புதிய வண்டிகள் பலவற்றில் நாலணாக் காசு அளவுக்கு ஒரு வெள்ளைச் சவ்வு. இந்தச் சவ்வு, இழுத்து விரித்த டெஃப்லான். 1969இல் அமெரிக்காவில் ராபர்ட் கோர் கண்டுபிடித்தது. மழைக்கோட்டுகளிலும் இதே சரக்குதான். நீராவி தாராளமாகப் போய்வரும். நீர்த்துளி அதன் நுண்துளைகளில் நுழையாது. ஆனால் சோப்புத் தண்ணீரோ என்ஜின் கழுவும் திரவமோ பட்டால் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை குறைந்து, சவ்வு நனைந்து அடைத்துக்கொள்ளும். வாட்டர் சர்வீஸில் பானட்டைத் திறந்து ஷாம்புவைப் பீய்ச்சிய பிறகு மூட்டம் வர ஆரம்பித்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, மூட்டம் கட்டுகிற தண்ணீர் எவ்வளவு? ஒரு ஹெட்லைட்டுக்குள் 10 லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 27 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம். வடசென்னை ராத்திரிக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு சுமார் 22 கிராம் நீராவி இருக்கும். 10 லிட்டருக்குக் கணக்கு போட்டால் 0.22 கிராம். நாலைந்து சொட்டு, அவ்வளவுதான். அதிலும் எல்லாமே கண்ணாடியில் படியாது. கண்ணாடி 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் காற்றால் தாங்க முடியாமல் வெளியே தள்ளப்படுவது அரைச் சொட்டுதான். அந்த அரைச் சொட்டு, கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகளாகப் பரவினால் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை மூட்டம் போட்டுவிடும்.

இந்தக் கணக்கே ஒரு பரிசோதனைக் கருவி. கண்ணாடியில் மெல்லிய மூட்டம், விளக்கைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டினால் கலைந்துவிடுகிறது என்றால் அது காற்றில் இருந்த ஈரம். விட்டுவிடலாம். கண்ணாடியில் துளிகள் கோடாக வழிகின்றன, அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தேங்கி, வண்டி திரும்பும்போது ஆடுகிறது என்றால், 5 மில்லி தண்ணீரை 10 லிட்டர் காற்று சுமந்து வந்திருக்க முடியாது. எங்கோ ஓட்டை இருக்கிறது.

மூட்டம் ஏன் காலையில்? மேகமில்லாத ராத்திரியில் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் எந்தப் பரப்பும் தன் சூட்டை வானத்துக்குக் கொட்டி, சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் குளிரும். ஹெட்லைட் கண்ணாடியும் அப்படித்தான். அதே தெருவில் கூரைக்குக் கீழே நிற்கும் வண்டியில் மூட்டம் இருக்காது. மூட்டம் பெரும்பாலும் இண்டிகேட்டர் பக்கத்து மூலையில்தான் கட்டும். பல்பின் சூடும் காற்றோட்டமும் எட்டாத மூலை அது.

பலருக்குத் தெரியாத இன்னொரு தண்ணீர்த் தொட்டி உண்டு: பிளாஸ்டிக். நாம் கண்ணாடி என்று சொல்வது உண்மையில் பாலிகார்பனேட். அது தன் எடையில் 0.2 சதவீதம் அளவுக்கு ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அரைக் கிலோ கண்ணாடியில் ஒரு கிராம். உள்ளே இருக்கும் காற்று சுமப்பதைவிட நாலைந்து மடங்கு. விளக்கு எரிந்து பிளாஸ்டிக் சூடானதும் இந்த ஈரம் உள்ளே வெளியாகும். அந்த நேரம் மழை பெய்து கண்ணாடி சட்டென்று குளிர்ந்தால் மூட்டம் விழும். ஓட்டையே இல்லாத புத்தம்புது வண்டியிலும் இது நடக்கும். எல்இடி ஹெட்லைட்டுகளில் கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும். ஹாலஜன் பல்பு தன் சூட்டை முன்னால் வீசிக் கண்ணாடியைக் காய வைக்கிறது. எல்இடியோ சூட்டைப் பின்னால் உள்ள அலுமினியத் தட்டுக்கு அனுப்பிவிடுகிறது. கண்ணாடி குளிர்ந்தே கிடப்பதால் மூட்டம் கலைய நேரமாகும்.

இனி நிஜ ஓட்டைகள். பெரும்பாலும் குற்றவாளி முன்கண்ணாடியின் ஓரம் இல்லை, பின்பக்கம்தான். பல்பு மாற்றியவர் ரப்பர் மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டிருப்பார். மேலே மடிந்த விளிம்பு ஒன்றே போதும். கடையில் வாங்கிய எல்இடி பல்பை மாட்ட, அதன் விசிறிக்கு இடம் வேண்டி மூடியில் வட்டமாக வெட்டியிருப்பார்கள். அல்லது மூடியையே தூக்கிப் போட்டிருப்பார்கள். எச்4 வகை (பிரைட், டிம் இரண்டும் ஒரே பல்பில்) 60/55 வாட் பல்புக்கு வடிவமைத்த கூட்டில் 100/90 வாட் பல்பைப் போட்டால், ஒரு வருடத்தில் அந்த ரப்பர் மூடி வற்றல் மாதிரி காய்ந்து வெடிக்கும். டிங்கரிங் முடிந்து திரும்பி வந்த வண்டியில் மூச்சுக்குழாயைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள். குழாய் இருந்தாலும் அடைத்திருக்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் தினமும் போகிற வண்டியின் பஞ்சு மூடியை எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறக் களிமண்ணாக இருக்கும். குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டுவதும் உண்டு. வெறும் பல் குத்தும் குச்சியால் தீர்கிற வியாதி.

மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் தேங்குவது ஊருக்கே தெரியும். அங்கே ஹெட்லைட்டுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். விளக்கு எரிந்தபடி வண்டி பம்பர் உயரத் தண்ணீரில் இறங்குகிறது. உள்ளே 60 டிகிரிக் காற்று, வெளியே 25 டிகிரித் தண்ணீர். காற்று சட்டென்று சுருங்குகிறது. சுருங்கிய இடத்தை நிரப்ப மூச்சுக்குழாய் எதையாவது இழுத்தாக வேண்டும். அதன் வாய் அப்போது தண்ணீருக்குள். உறிஞ்சுகுழல் போட்டு இளநீர் குடிப்பது போல அரை லிட்டர்கூட உள்ளே போய்விடும். தேங்கிய தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பகல் வெளிச்சமாக இருந்தால் ஐந்து நிமிடம் முன்பே ஹெட்லைட்டை அணைத்து ஆற விடுங்கள். ராத்திரியில் அந்தத் தண்ணீரில் இறங்காமல் இருப்பதே நல்லது.

இப்படி உள்ளே போன தண்ணீரை வெறுமனே காய வைத்தால் தீராது. கரையோரத்து வெள்ளத்தில் உப்பு இருக்கும். தண்ணீர் ஆவியானாலும் உப்பு உள்ளேயே தங்கும். சோற்றுப்பு 75 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடற்கரை ஊரில் ராத்திரி ஈரப்பதம் பெரும்பாலும் 80க்கு மேல். ஆக, ஒருமுறை உப்புத் தண்ணீர் புகுந்த ஹெட்லைட் எத்தனை முறை காய வைத்தாலும் மறுபடி மறுபடி வியர்க்கும். பல்பின் வெளிச்சத்தை முன்னால் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரையும் அந்த உப்பே தின்னும். ரிஃப்ளெக்டரின் பளபளப்பு, முடியின் தடிமனில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லாத அலுமினியப் பூச்சு. முதலில் ஊசி முனைக் கறுப்புப் புள்ளிகள் வரும், பிறகு பூச்சு உரியும், வெளிச்சம் மங்கும்.

எனவே முதலில் கழுவல், பிறகு உலர்த்தல். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். அதற்கும் முன்பே, ராத்திரியில் வண்டியைச் சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பைச் சுவரில் டேப் ஒட்டிக் குறித்துவைத்தால் திரும்ப மாட்டும்போது கோணம் மாறாது. ஹெட்லைட்டைப் பிடித்திருப்பவை பொதுவாக மூன்று நான்கு 10 மில்லிமீட்டர் போல்ட்டுகள். பல வண்டிகளில் முன் பம்பரைத் தளர்த்த வேண்டியிருக்கும். பல்புகள், ஹோல்டர், உயரம் மாற்றும் மோட்டார் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 300 மில்லி ஊற்றி, மெதுவாகச் சுழற்றிக் கொட்டுங்கள். மூன்று முறை. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலும் உப்புக் கறை இருக்கிறது. துணியோ பிரஷ்ஷோ உள்ளே விடவே கூடாது. ரிஃப்ளெக்டரில் விரல் பட்டாலே தடம் அழியாது. உள்ளே சர்க்யூட் இருக்கும் எல்இடி ஹெட்லைட்டில் இந்தக் கழுவல் வேலையே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் பரவியது போன்ற எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்திருந்தாலும் முயற்சி வீண். படிந்த எண்ணெய்ப் படலத்தைத் தண்ணீர் கழுவாது, மாற்றத்தான் வேண்டும்.

காய வைக்க எல்லோரும் சொல்வது உச்சி வெயில். வெயில் பிளாஸ்டிக்கிலிருந்து ஈரத்தை வெளியேற்றும், உண்மைதான். ஆனால் சென்னைப் பகல் காற்று வறண்ட காற்று என்று நினைத்தால் தவறு. பகல் 34 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டரில் இருப்பது 22 கிராமுக்கு மேல். ராத்திரிக் காற்றில் பார்த்தோமே, அதே அளவு. சூடு ஏறியதால் சதவீதம் குறைந்து தெரிகிறதே தவிர தண்ணீர் குறையவில்லை. பகலில் மூடினாலும் அதே ஈரத்தைத்தான் உள்ளே பூட்டுகிறோம். வறண்ட காற்று வேண்டுமானால் அது வீட்டிலேயே இருக்கிறது. ஏசி அறையில் 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்றால் 11 கிராம்தான், சரிபாதி. இரண்டு மணி நேரம் வெயிலில், துளைகள் கீழே பார்க்க வைத்துச் சொட்டவிட்டு, ராத்திரி முழுக்க மூடிகளைத் திறந்தபடி ஏசி அறையில் வைத்து, காலையில் அங்கேயே மூடிகளை மாட்டுங்கள். அவசரமென்றால் முடி உலர்த்தும் டிரையரைக் குறைந்த சூட்டில், 15 சென்டிமீட்டர் தள்ளி, ஆட்டிக்கொண்டே காட்டலாம். பெயிண்ட் கடை ஹீட் கன் வேண்டவே வேண்டாம். அதன் காற்று 300 டிகிரியைத் தாண்டும். பாலிகார்பனேட் 145 டிகிரிப் பக்கமே இளகிவிடும்.

ஓட்டையைத் தேட, காய்ந்த ஹெட்லைட்டின் எல்லாத் துளைகளையும் இன்சுலேஷன் டேப்பால் ஒட்டி, ஒரே ஒரு மூச்சுத்துளையில் ரப்பர் குழாய் செருகி வாயால் ஊதுங்கள். கம்ப்ரஸர் வேண்டாம், பசை பிய்ந்துவிடும். ஓரமெல்லாம் சோப்பு நுரை தடவினால் ஓட்டையில் குமிழி கிளம்பும். அந்த இடத்தை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 3 மில்லிமீட்டர் தடிமனில் நியூட்ரல் வகை சிலிக்கான் வைத்து, மூடிகளைத் திறந்தே வைத்து 24 மணி நேரம் விடுங்கள். டியூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் வகை. அந்த ஆவி ரிஃப்ளெக்டரையும் பல்பு முனைகளையும் அரிக்கும். சூப்பர் குளூவும் ஆகாது. அதன் ஆவி கண்ணாடியின் உட்புறம் வெள்ளைப் படலமாகப் படியும், பிறகு மூட்டமா பசையா என்றே தெரியாது.

சிலர் ஈரத்தை உறிஞ்சட்டும் என்று உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறார்கள். 10 கிராம் ஜெல் மூன்று கிராம் தண்ணீர் வரை பிடிக்கும், அதன் பிறகு வெறும் கூழாங்கல். மூச்சுத்துளை திறந்திருக்கும் பெட்டிக்குள் அது சீக்கிரமே நிரம்பிவிடும். பொட்டலம் நழுவிச் சூடான பல்பில் ஒட்டினால் கருகும். ஈரம் போக அரிசி மூட்டைக்குள் புதைத்து வைக்கும் வைத்தியம் பேசத் தகுந்ததே இல்லை. அடியில் டிரில் போட்டு வடிகால் ஓட்டை வைப்பது அதைவிட மோசம். தண்ணீர் வடியும்; அடுத்த மழையில் அதே வழியாக ஏறும், நடுவில் உப்புக்காற்றும் புழுதியும் காவலில்லாமல் போய்வரும்.

கறுப்புப் புள்ளி பரவிய ரிஃப்ளெக்டரை மீட்க முடியாது. புதுப்பேட்டையில் பழைய ஹெட்லைட் வாங்குவதாக இருந்தால் கண்ணாடியின் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதைப் பாலீஷ் போட்டு ஏற்றியிருப்பார்கள். பின்மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்து, ரிஃப்ளெக்டரின் அடிப்பாகத்தைப் பாருங்கள். அங்கே வரிவரியாகத் தண்ணீர் மட்டக் கோடு தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியின் சாமான். மூச்சுக்குழாய் இருக்கிறதா, பின்மூடி ரப்பர் அழுத்தினால் மெத்தென்று திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.