தனிமமா, சேர்மமா, கலவையா?

இரண்டு குவளைகள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், இன்னொன்றில் உப்பு கரைத்த நீர். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆய்வகத்தில் எதையும் வாயில் வைத்துப் பார்க்கவும் கூடாது. அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டையும் கொதிக்க வைத்து, வெப்பமானியைக் கவனித்தால் போதும். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் தூய நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கத் தொடங்கும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அளவு அங்கேயே நிற்கும். உப்புநீர் 100-ஐச் சற்றுத் தாண்டித்தான் கொதிக்கும். நீர் ஆவியாக ஆவியாக உப்பின் செறிவு கூடுவதால் வெப்பநிலையும் மெல்ல ஏறிக்கொண்டே போகும். முதலாவது தூய பொருள், இரண்டாவது கலவை.

திண்மம், திரவம், வாயு என்பது பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் வகைப்பாடு. இங்கே நாம் கேட்பது வேறு கேள்வி: அது எதனால் ஆனது? தூய பொருளிலும் இரண்டு வகை உண்டு. ஒரே வகை அணுக்களால் ஆனது தனிமம். வெவ்வேறு தனிமங்களின் அணுக்கள் குறிப்பிட்ட விகிதத்தில் பிணைந்து உருவாவது சேர்மம்.

சேர்மத்துக்கும் கலவைக்கும் உள்ள வேறுபாட்டை இரும்பும் கந்தகமும் காட்டுவது போல வேறெதுவும் காட்டுவதில்லை என்பது என் கருத்து. சாம்பல் நிற இரும்புத் தூளையும் மஞ்சள் கந்தகத் தூளையும் கலக்குங்கள். எந்த அளவில் கலந்தாலும் சரி, காகிதம் சுற்றிய காந்தத்தை அருகே கொண்டுபோனால் இரும்பு தனியாக வந்து ஒட்டிக்கொள்ளும். இதுவரை வெறும் கலவைதான்.

இனி 7 கிராம் இரும்புக்கு 4 கிராம் கந்தகம் என்று எடுத்துக் கலந்து, சோதனைக் குழாயில் சூடாக்க வேண்டும். (ஆசிரியர் உடன் இருக்கும்போது மட்டும்.) ஓரிடத்தில் செந்தணல் போல ஒளிரத் தொடங்கும். சுடரை விலக்கினாலும் அந்த ஒளி அணையாமல் தூள் முழுவதும் பரவும். வினை தானே வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆறியபின் கிடைக்கும் கருநிறக் கட்டிதான் இரும்பு சல்பைடு. அதில் மஞ்சளைக் காணோம். காந்தத்தாலும் இரும்பைத் தனியே இழுக்க முடியாது. அதன்மேல் நீர்த்த அமிலம் பட்டால், இரும்பு தரும் மணமற்ற ஹைட்ரஜனுக்குப் பதிலாக, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு வெளிவரும்.

7 கிராமுக்குப் பதில் 10 கிராம் இரும்பு போட்டால்? 3 கிராம் வினையில் சேராமல் மிஞ்சும். கலவைக்கு அளவுக் கட்டுப்பாடு கிடையாது, சேர்மத்துக்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் ப்ரூஸ்ட் நிறுவிய மாறா விகித விதி இதுதான்.

கலவைகளில், உப்புநீர், காற்று, பித்தளை போன்றவை எங்கு எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும்; மணலும் நீரும் அப்படி இருக்காது. பால் நடுவில் நிற்கிறது. சில சொட்டுப் பாலை நீரில் விட்டு டார்ச் அடித்தால் ஒளிக்கற்றையின் பாதை தெரியும், உப்புநீரில் தெரியாது. மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். இப்படிப்பட்டவை கூழ்மங்கள்.

கொதிநிலைச் சோதனையை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். ஏறத்தாழ 95.6 சதவீத எத்தனாலும் மீதி நீருமாக உள்ள கலவை, தூய பொருளைப் போலவே 78.2 டிகிரியில் மாறாமல் கொதிக்கும். அதற்கு மேல் சாதாரண வடித்தலால் அதைப் பிரிக்க முடியாது.

தனிமம் என்று முடிவுகட்டுவதும் எளிதாக இருக்கவில்லை. 1789-இல் ஃபிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் வெளியிட்ட 33 தனிமங்களின் பட்டியலில் சுண்ணாம்பும் இருந்தது, ஒளியும் இருந்தது! சுண்ணாம்பைப் பிரிக்க அன்று வழியில்லை. 1808-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தின் துணையோடு அதிலிருக்கும் கால்சியத்தைப் பிரித்தெடுத்தார். இன்று அணுவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையை வைத்தே தனிமத்தை அடையாளம் காண்கிறோம், மொத்தம் 118.

காற்றில் ஒளிந்திருந்த தனிமம் பிடிபட்டது தராசில்தான். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு சுமார் 1.257 கிராம், சேர்மங்களிலிருந்து எடுத்தது சுமார் 1.251 கிராம் இருப்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு கண்டார். பலரும் அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கியிருக்கக்கூடிய வித்தியாசம். வேதியியலாளர் வில்லியம் ராம்சே, காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனைச் சூடான மக்னீசியத்தின்மேல் திரும்பத் திரும்பச் செலுத்தினார். நைட்ரஜனை மக்னீசியம் உறிஞ்சிக்கொண்டது. கொஞ்சம் வாயு மட்டும் எதனோடும் வினைபுரியாமல் மிஞ்சியது. அது உமிழும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் தெரிந்த சிவப்பு, பச்சைக் கோடுகள் அதுவரை அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 1894-இல் இருவரும் அறிவித்த அந்த வாயுதான் ஆர்கான். காற்றில் அது கிட்டத்தட்ட 0.93 சதவீதம்.