"யாரும் இடிக்கலை மேடம், சும்மா விழுந்துட்டா"

போன வாரம் நைட் டியூட்டி, முகூர்த்த நாள் வேறு. பதினோரு மணி வாக்கில் ஒருவர் தன் மனைவியைக் கைத்தாங்கலாகக் கேஷுவாலிட்டிக்குக் கூட்டி வந்தார். பட்டுப்புடவை, தலையில் இன்னும் வாடாத மல்லிகைப்பூ. பூவை ஒதுக்கிப் பார்த்தால் பின்மண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து விழுந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. வீட்டுக்குக் கூட்டிப் போய் காபி கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். மூன்று முறை வாந்தி எடுத்து, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் போன பிறகுதான் புறப்பட்டு வந்திருக்கிறார்கள். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவதற்காக என்ன வண்டி மோதியது என்று கேட்டேன். "யாரும் இடிக்கலை மேடம், ஸ்பீடு பிரேக்கர்ல சும்மா விழுந்துட்டா, நான் மெதுவாத்தான் வந்தேன்" என்றார். அவர் கையில் ஹெல்மெட் இருந்தது. ஒரே ஒரு ஹெல்மெட்.

என் டியூட்டியில் இந்த மாதம் இப்படி வந்த மூன்றாவது பெண் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த "சும்மா விழுந்துட்டா" என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. விபத்து என்றால் லாரி வர வேண்டும், வண்டி நொறுங்க வேண்டும், ரத்தம் ஆறாக ஓட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தலை தரையிலிருந்து கிட்டத்தட்ட ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்றுகொண்டிருந்தாலும், அந்த உயரத்திலிருந்து விழுகிற தலை தார் ரோட்டைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நீங்கள் பத்தில் போனீர்களா, ஐம்பதில் போனீர்களா என்பது அதற்கு அப்புறம்தான். ஆகவே "மெதுவாத்தான் போனேன்" என்பது உண்மையாகவே இருக்கலாம், மண்டையோட்டுக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. யாரும் இடிக்கவில்லை என்பதும் சரிதான், ஆனால் ரோடு இடித்திருக்கிறதே!

ஓட்டுகிறவருக்குப் பள்ளமும் வேகத்தடையும் முன்கூட்டியே தெரியும், இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கும். பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஒரு பக்கமாகக் கால் போட்டு, மடியில் சீர்த்தட்டு, ஒரு கையில் தாம்பூலப் பை, இன்னொரு கையில் போன் என்று உட்கார்ந்திருப்பவருக்குப் பிடிமானமே கிடையாது. முன் சக்கரம் ஏறி இறங்கியதும் பின் சக்கரம் தூக்கிப் போடும். மல்லாந்து விழுவார்கள், கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது. அந்த அம்மாவுக்கு அடி பின்மண்டையில், சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு முன்பக்க மூளையில். "முன்னாடி அடிபடவே இல்லையே" என்று கணவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பின்மண்டை தரையில் மோதும்போது உள்ளே மூளை குலுங்கி முன்பக்க எலும்பில் அடிபடும், மல்லாந்து விழுந்தவர்களிடம் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் படம்தான் இது. அன்றிரவே மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம்.

இரண்டு மாதம் முன்னால் இதே மாதிரி விழுந்த ஓர் அக்கா, ஆபரேஷன் தேவைப்படாமல் நல்லபடியாக வீடு திரும்பினார். மறுபடி காட்ட வந்தபோது, பால் பொங்கித் தீய்ந்தது தெரியவே இல்லை, ரசம் தாளிக்கும் வாசம்கூட வரவில்லை என்றார். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அறுந்திருந்தன. வாசனை தெரிவது திரும்ப வரும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேஸ் கசிந்தால் தெரியாது, அடுப்படியில் யாராவது கூட இருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவிலேயே இருக்கிறது, போடாவிட்டால் அபராதம் 1000 ரூபாய். போலீஸ் பிடிப்பார்களா என்று கணக்குப் போடாதீர்கள். பூ நசுங்கும், கொண்டை கலையும் என்கிறார்கள். பூவைப் பையில் கொண்டுபோய் மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக வாங்குங்கள், தாடைக்குக் கீழே வாரை மாட்டுங்கள். வார் மாட்டாத ஹெல்மெட் நீங்கள் விழுவதற்கு முன்பே கழன்று ஓடிவிடும்.

முடிந்தவரை இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். புடவையில் முடியாது என்றால் ஒரு கை எப்போதும் பின்னால் இருக்கும் கம்பியில் இருக்கட்டும், சாமான் வண்டியின் கொக்கியில் தொங்கட்டும். முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தைப் பாதியாவது மறைக்கும் புடவைக் காப்பு விதிப்படியே வண்டியோடு வருகிறது. அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மனைவியையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு போகும் தம்பிகளே, சக்கரத்தில் துப்பட்டா சுற்றிக் கழுத்து இறுகியவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து திரும்ப மாட்டுங்கள். வேகத்தடை வந்தால் "பிடிச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாலு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் ஹெல்மெட்டும் உடலோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், 40-க்கு மேல் போகக்கூடாது.

தலையில் அடிபட்டால் எழுந்து நடக்கிறார், பேசுகிறார் என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவரே சில மணி நேரத்தில் மயங்கிப் போகலாம். சோடா, காபி எதுவும் கொடுக்க வேண்டாம். வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிவது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. இருதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம், நேராக வாருங்கள்.

அப்புறம், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து "மாடிப்படியில் விழுந்தா" என்று எங்களிடம் மாற்றிச் சொல்கிறீர்கள். வேண்டாம். எப்படி விழுந்தார் என்பதை வைத்துத்தான் எங்கே தேடுவது என்று முடிவு செய்கிறோம். செலவுக்குப் பயந்தும் தாமதிக்காதீர்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரிலிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது, அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் செல்லும். வாசலில் நின்று யோசிக்காமல் உள்ளே கூட்டி வாருங்கள்.