முன்னாயத்தம்: சொல்லும் அதன்மேல் விழும் பழியும்

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை நெருங்கும்போது யாழ்ப்பாணத்துச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் தலைகாட்டும் சொல் 'முன்னாயத்தம்'. 'அனர்த்த முன்னாயத்தக் கூட்டம்', 'முன்னாயத்த நடவடிக்கைகள்' என்று அறிவித்தல்கள் வரும். கிராம அலுவலரும் அதையே சொல்வார். தமிழ்நாட்டார் 'பேரிடர் மேலாண்மை', 'முன்னெச்சரிக்கை நடவடிக்கை' என்று எழுதும் இடத்தில் 'அனர்த்த முகாமைத்துவம்', 'முன்னாயத்தம்' என்று எழுதுவது நம் வழக்கு. இச்சொல்லை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அண்மைக் காலமாக அதன் பக்கத்தில் வந்து அமர்ந்துகொண்டிருக்கும் இன்னொரு சொல்லாகும். ஒரு மாதத்து அரிசியையும் பத்து மெழுகுதிரிகளையும் எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கும் தாய் தகப்பனைப் பார்த்து, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகள் 'பரனோயா', அதாவது வீண் சந்தேகம் பிடித்த மனநோய், என்கிறார்கள். முன்னர் இதற்குப் பைத்தியத்தைக் குறிக்கும் 'விசர்' என்ற ஊர்ச்சொல்லே போதுமாக இருந்தது. ஒரே செயலைச் சுற்றறிக்கை முன்னாயத்தம் என்றும் வீட்டுப்பிள்ளை நோய் என்றும் அழைப்பதனால், இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்ப்பது பயனுடையது.

முன் + ஆயத்தம் = முன்னாயத்தம். தனிக்குறிலை அடுத்து நிற்கும் மெய், உயிர் வரும்போது இரட்டிக்கும் என்பது விதி; முன்னெச்சரிக்கை, முன்னேற்பாடு என்பனவும் அவ்வாறு அமைந்தவையே. சில அறிவித்தல்களில் 'முன் ஆயத்தம்' என்று பிரித்து அச்சிடுவது தவறன்று எனினும் அழகன்று. ஆயத்தம் என்பது 'ஆயத்த' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. ஒன்றைச் சார்ந்திருத்தல், ஒன்றின்மீது தங்கியிருத்தல் என்பன அதன் முதற்பொருள்கள். முயற்சியோடு இருத்தல், எதற்கும் தயாராய் இருத்தல் என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. தமிழ் இந்தத் தயார்நிலைப் பொருளையே எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் இதற்கு ஈடான 'பிரிப்பேர்' என்னும் வினை இலத்தீனிலிருந்து வந்தது. அதிலும் 'பிரே' என்பது முன், 'பராரே' என்பது ஆயத்தம் செய்தல். அந்த வினையைச் சுருக்கித்தான், அழிவுக் காலத்துக்கென உணவும் மருந்தும் நீரும் சேமிப்பவரைப் 'பிரெப்பர்' என்று அமெரிக்கர் அழைக்கின்றனர். உறுப்புக்கு உறுப்பு ஒத்துவரும் சொல் நம்மிடம் இருக்கும்போது, அவரை 'முன்னாயத்தர்' என்று சொல்லத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முன்னாயத்தம் எதற்காகவோ, அந்த 'அனர்த்தம்' என்ற சொல்லும் வடமொழியே. அர்த்தம் இல்லாதது, அதாவது பொருளும் பயனும் கெட்டது அனர்த்தம். இத்தாலியர் பேரழிவைக் கெட்ட நட்சத்திரத்தின் வேலை என்று கருதிச் சொல் அமைத்தனர். ஆங்கிலத்தின் 'டிசாஸ்டர்' அங்கிருந்து வந்தது. 2004 திசெம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்து வடமராட்சி கிழக்குக் கரையை வழித்துச் சென்ற பின்னர், 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாக அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானபோது இச்சொல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்னர் நம் வீடுகளில் 'அழிவு' என்றுதான் சொன்னார்கள்.

முன்னாயத்தத்துக்கு உறவான சொற்களுள் எச்சரிக்கையும் சாக்கிரதையும் தனியே பார்க்கத்தக்கவை. எச்சரிக்கை தெலுங்கு, கன்னட வழியாக நம்மிடம் வந்தது. கன்னடத்தில் 'எச்சர' என்றால் விழித்திருத்தல். சாக்கிரதையின் வடமொழி மூலத்துக்கும் பொருள் விழிப்பே. ஆகவே முன்னெச்சரிக்கை என்னும்போதும் முன்சாக்கிரதை என்னும்போதும், தெரிந்தோ தெரியாமலோ, தூங்காதே என்றுதான் சொல்கிறோம். அரசன் வரும்போது கட்டியக்காரன் 'எச்சரிக்கை' என்றும் 'பராக்கு' என்றும் கூவுவான். சுவாமி வீதிவலம் வருகையில் பாடுவதற்கென்று அப்பெயர்களிலேயே பாடல்வகைகள் உண்டு. இதில் ஒரு வேடிக்கை, கவனி என்று கூவப் பயன்பட்ட அதே பராக்கு, கவனம் சிதறுதலுக்கும் பெயராயிருப்பது. பிள்ளைக்குப் பராக்குக் காட்டிச் சோறூட்டும் எந்தத் தாயும் கட்டியக்காரனை நினைப்பதில்லை.

ஆயத்தம் இவற்றிலிருந்து வேறானது. விழித்திருப்பவன் விழித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆயத்தம் செய்தவன் செய்ததன்மீது தங்கியிருக்கலாம், தூங்கவும் செய்யலாம். சுற்றறிக்கை எழுதியவர் இதையெல்லாம் எண்ணித்தான் இச்சொல்லைத் தேர்ந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேர்ந்த சொல் சரியான சொல்.

தூய தமிழில் வேண்டுமெனில் குறளிலேயே இருக்கிறது. 'வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்' என்பதில் வரும் 'வருமுன் காத்தல்' அனைவரும் அறிந்த தொடர். வைத்தூறு என்பது வைக்கோற்போர். 'எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்' என்பது அதைவிட நுட்பமானது. வரப்போவதை முன்னறிந்து காப்பவருக்குத் துன்பமே வராது என்று அது சொல்லவில்லை, நடுங்கும்படி வருகின்ற துன்பம் இல்லை என்கிறது. 'அஞ்சுவ தஞ்சாமை பேதைமை' என்று அதற்கு முந்திய குறள் அச்சத்தையே அறிவின் தொழிலாக்குகிறது. முன் + காப்பு என்பதிலிருந்து 'முற்காப்பு' என்று ஒரு நல்ல தொகைச்சொல் கிடைக்கிறது. பதிகத் தொடக்கத்தில் பாடுவதும் காப்பு, கையில் கட்டுவதும் காப்பு என்பதனால் அச்சொல்லுக்கு நம் காதில் ஒரு கனமும் உண்டு.

இனிப் பரனோயா. கிரேக்கத்தில் 'பரா' என்பது பக்கத்தில், அப்பால். 'நூஸ்' என்பது மனம். மனம் தன் இடத்தைவிட்டு விலகி நிற்பது பரனோயா. பழங்கிரேக்கர் அதனைப் பொதுவாகப் பைத்தியம் என்ற பொருளிலேயே வழங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செர்மானிய மருத்துவர்கள் அதனைக் கலைச்சொல்லாக எடுத்தனர். 1863 இல் கால்பவுமும், பின்னர் எமில் கிரேப்பலினும் அதன் எல்லையைக் குறுக்கினர். மற்ற அறிவெல்லாம் ஒழுங்காயிருக்க, தன்னை யாரோ குறிவைக்கிறார்கள் என்பது போன்ற ஒரு பொய்நம்பிக்கை மட்டும் அசைக்க முடியாதபடி வேரூன்றி நிற்கும் நிலையே அவர்கள் கண்ட பரனோயா. தமிழில் இதற்குச் சித்தப்பிரமை என்று எழுதுவோர் உளர். அது மிக விரிந்த சொல். அறிவுப்பிறழ்வு என்பது கிரேக்கச் சொல்லின் உறுப்புகளை ஒட்டியது. ஆனால் நோயின் உயிர்நாடியாகிய சந்தேகம் அதில் இல்லை. 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்' என்னும் குறளில், ஆராய்ந்து தெளிந்தபின்னும் விடாத ஐயத்தைத் தீராத துன்பம் என்று சொல்லியிருக்கிறது. அதை ஒட்டி 'ஐயுறவு நோய்' என்று சொல்வதே பொருந்தும் என்பது என் துணிபு. ஊர்ப்பேச்சில் 'சந்தேக விசர்' என்று சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

இரண்டு சொற்களும் வேண்டிநிற்கும் வேற்றுமையைக் கவனித்தால் வேறுபாடு துலங்கும். ஆயத்தம் நான்காம் வேற்றுமையைக் கேட்கும்: மழைக்கு ஆயத்தம், பயணத்துக்கு ஆயத்தம், சோதனைக்கு ஆயத்தம். ஐயுறவு ஏழாம் வேற்றுமையைக் கேட்கும்: தெளிந்தான்கண் ஐயுறவு, அயலவன்மேல் சந்தேகம். முன்னதிடம் 'எதற்கு' என்று கேட்டால் விடை வரும், அந்த விடைக்கு அளவும் காலமும் இருக்கும். பின்னதிடம் 'யார்மேல்' என்று கேட்டால் ஒரு பெயர் வரும், சிறிது நேரத்தில் இன்னொரு பெயரும் வரும். மழைமேல் எவரும் சந்தேகம் கொள்வதில்லை. ஆகவே 2008 கார்த்திகையில் 'நிசா' புயலோடு வந்த வெள்ளத்தைக் கண்ட ஒருவர், ஆண்டுதோறும் மாரிக்கு முன் வாய்க்காலைத் துப்புரவாக்கி, நெல்மூட்டையை மேடை கட்டி ஏற்றி வைப்பதைப் பரனோயா என்பது மருத்துவப் பிழையாவதற்கு முன்பே இலக்கணப் பிழையாகும்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் இந்த எல்லை அவ்வளவு நேர்கோடாக இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். நம் தலைமுறை ஆயத்தம் செய்து பழகியது மழைக்கல்ல. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அருமையாகிப் போனபோது, ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்டு அந்த வெளிச்சத்தில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டுப் பங்கர் வெட்டினோம். அஞ்சிய பொருள் அங்கே மனிதர்தாம், அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. ஆகவே இன்று ஒருவர் பட்டாசுச் சத்தத்துக்குக் கூனிக் குனிந்தால் அது முன்னாயத்தமும் அன்று, பரனோயாவும் அன்று. அதற்கு நம் உளமருத்துவர்கள் 'மனவடு' என்ற மிகச் சிறந்த சொல்லை வழங்கியிருக்கிறார்கள். புண் ஆறியபின்னும் இருக்கும் தழும்பு வடு. வெளிநாட்டுப் பிள்ளைகள் பரனோயா என்று பெயர் சூட்டுவதிற் பெரும்பகுதி இந்த வடுவே என்று நினைக்கிறேன். சுவிற்சர்லாந்தில் வாழும் நம்மவர் பலரது மாடிவீட்டு நிலவறையில் தடித்த கொங்கிறீற் கதவோடு ஓர் அறை இருக்கும். 1960களிலிருந்து சட்டப்படி கட்டப்படும் பதுங்கறை அது. அங்கே வெங்காயமும் பழைய சைக்கிளும் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டை எவரும் விசர் பிடித்த நாடு என்று சொல்லக் கேட்டதில்லை.

முன்னாயத்தம் கெட்டுப்போகும் வழியும் ஒன்று உண்டு. அதைத் தமிழே காட்டித் தருகிறது. பதுங்கு என்பது தன்வினை, பதுக்கு என்பது பிறவினை. தன்னை மறைக்கப் பதுங்குகுழி, பொருளை மறைக்கப் பதுக்கல். 2022 இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாடு முழுதும் வரிசையில் நின்ற நாள்களில், வீட்டில் ஒரு சிலிண்டர் மேலதிகமாக வைத்திருந்தவரும் ஐந்தை வாங்கி அடுக்கியவரும் ஒரே வாயால் 'முன்சாக்கிரதை' என்றார்கள். பஞ்சம் வருமுன் சேர்த்தது முன்னாயத்தம். பஞ்சத்துக்குள் நின்று அடுத்தவன் பங்கையும் சேர்த்தது பதுக்கல். வெயில் காலத்தில் ஒடியலும் பனாட்டும் காயவைத்து எடுத்துவைத்த நம் கிழவிகளைப் பதுக்கியவர்கள் என்று எவரும் சொன்னதில்லை. அவர்கள் சேர்த்தது எவருடைய பங்குமன்று, பனை தந்தது.

எங்கள் வீட்டு அறைக்கதவின் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை தொங்குகிறது. காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், அக்காவின் சாதாரணதரப் பெறுபேறு, பொலித்தீனில் சுற்றிய நெருப்புப்பெட்டி, ஒரு கார்ட் பனடோல், சின்ன ரோச் லைற் எல்லாம் அதற்குள் இருக்கும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு போருக்கு அஞ்சி வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தபோது அம்மாவின் தோளில் இருந்தது அதன் முன்னோடி. மார்கழியில் அம்மா அதைக் கழற்றிப் பாயில் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ணி, ரோச்சின் பற்றரியை மாற்றித் திரும்பக் கட்டுவார். சென்ற முறை, "இன்னும் என்னத்துக்கம்மா இது?" என்று கேட்டேன். "உறுதியை எங்கையாவது ஓரிடத்தில வைக்கத்தானே வேணும்" என்றார், முடிச்சைப் போட்டுக்கொண்டே. பிறகு பையை ஆணியில் மாட்டிவிட்டு, மத்தியானச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.