மைசூர் போகும் வழியில் வண்டி எங்கே நிற்கிறது?

பெங்களூரு அல்சூரில் பதினைந்து வருடமாக டிராவல்ஸ் நடத்துகிறேன். மதுரை, சேலம் பக்கமிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறவர்கள், லீவு விட்டால் மைசூர் கிளம்பும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள், இவர்கள்தான் பெரும்பாலும் என் வண்டியில் ஏறுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா போன் செய்தார். "தம்பி, உங்க டிரைவர் நிறுத்தின கடையில சன்னபட்டணா பொம்மைன்னு சொல்லித்தான் வாங்கினோம். பேத்தி வாயில வெச்சிட்டா, நாக்கெல்லாம் செவப்பா இருக்கு." சன்னபட்டணா என்பது மைசூர் போகும் வழியில் மரப்பொம்மைக்குப் பேர்போன ஊர். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. டிரைவரை விசாரித்தேன். அந்தக் கடையில் நாம் வாங்க வாங்க அவருக்குக் கமிஷன். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. நான் கொடுத்துவந்த பேட்டா அவ்வளவு குறைவு.

கல்லூரியில் படித்த பொருளாதாரம் அன்றுதான் எனக்கு உறைத்தது. நமக்காக முடிவெடுக்கும் ஆள் இன்னொருவரிடம் பணம் வாங்கினால், முடிவு பணம் வந்த பக்கம் சாயும். வண்டி வாடகை கொடுப்பது நீங்கள், நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது கமிஷன். அந்தக் கமிஷனைக் கடைக்காரர் தன் கையிலிருந்து தருவதில்லை. பொம்மை விலையில் ஏற்றி உங்களிடம் வாங்குவார், இல்லையென்றால் செய்தவரின் கூலியில் பிடிப்பார்.

அசல் சன்னபட்டணா பொம்மை எப்படி உருவாகிறது என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் ஆலே மரம் என்பது நம் ஊர் வெட்பாலை. அதை நன்றாக உலர்த்தி, கடைசல் பட்டறையில் சுழலவிட்டு, உளியால் உருவம் எடுப்பார்கள். சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால், உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தாழை ஓலையால் தேய்க்கும்போது பளபளப்பு வரும். அம்பாசமுத்திரம் செப்புச் சாமான் வைத்து விளையாடியவர்களுக்கு அந்த வழுவழுப்பு கையிலேயே தெரியும். பிரஷ் ஓடிய தடம் இருக்காது, பெயின்ட் மாதிரி பொரிந்து உரியாது.

கடை அலமாரியில் தூரத்திலிருந்து பார்த்தால் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. அங்கேதான் பிரச்சினை. 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். நல்ல காரும் ஓட்டைக் காரும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தால், வாங்குபவர் பயந்து நடுத்தரமான விலைதான் சொல்வார். அது கட்டுப்படியாகாமல் நல்ல கார் வைத்திருப்பவர் ஒதுங்கிக்கொள்வார், சந்தையில் ஓட்டைதான் மிஞ்சும். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காருக்குப் பதில் பொம்மை என்று வைத்துப் பாருங்கள். சாயம் பூசிய மட்டமான பொம்மையின் விலையைக் காட்டி அரக்குப் பொம்மைக்குப் பேரம் பேசும்போது, நாம் ஒரு பட்டறையை மூடத்தான் உதவுகிறோம். சன்னபட்டணா பொம்மைக்குப் புவிசார் குறியீடு, அதாவது அந்தப் பெயர் அந்த ஊர்ப் பொருளுக்கே உரியது என்ற சட்டப் பதிவு, உண்டு. வாங்குகிறவர் கேட்டால்தான் அதற்கு மதிப்பு.

2023 மார்ச்சில் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை வேறு திறந்தது. மூன்று மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. என் தொழிலுக்கு அது லாபம், மறைக்கவில்லை. ஆனால் ராமநகரா, சன்னபட்டணா, மத்தூர், மண்டியா எல்லாமே புறவழியாகிவிட்டன. பழைய சாலையில் பொம்மைக் கடை, வடைக் கடை வைத்திருந்தவர்களின் வாசலில் வண்டி நிற்பது குறைந்துபோனது. சாலை போட்டது தப்பில்லை. நேரம் மிச்சமானது நமக்கு, அதற்கான விலையைக் கொடுத்தது அவர்கள். டோல் ரசீதில் அந்த விலை வருவதில்லை.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஒரு ஊரில் செலவாகும் பணம் அங்கேயே எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதற்கு 1931-ல் ரிச்சர்ட் கான் என்ற பொருளாதார அறிஞர் ஒரு வழி காட்டினார். பட்டறையில் 1000 ரூபாய் கொடுக்கிறீர்கள், ரூபாய்க்கு 60 பைசா ஊருக்குள்ளேயே மறுபடி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மர வியாபாரி, லேத் மெக்கானிக், டீக்கடை என்று 600, 360 ஆகச் சுற்றி மொத்தம் 2500 ரூபாய்க்கு வேலை நடக்கும். வெளியூர்ச் சரக்கை விற்கும் கடையில் 20 பைசாதான் தங்குகிறது என்றால், அதே ஆயிரம் 1250-லேயே அடங்கிவிடும்.

கமிஷனை நான் நிறுத்திவிட்டேன். டிரைவருக்குப் பேட்டாவைக் கூட்டினேன், வாடகையும் கொஞ்சம் ஏறியது. சிலர் வேறு டிராவல்ஸுக்குப் போனார்கள், வருத்தம்தான். திரும்பி வரும்போது பழைய சாலையில் இறங்கி, சன்னபட்டணாவில் பொம்மை செய்பவர்கள் இருக்கும் கலாநகரில் ஒரு மணி நேரம் நிறுத்துகிறோம். நீங்கள் யார் வண்டியில் போனாலும் சரி, ஏறும் முன்பே எந்தக் கடையில் நிற்பீர்கள், ஏன் என்று கேளுங்கள். கடையில் யார் செய்தது, அரக்கா பெயின்ட்டா என்று கேளுங்கள். செய்தவருக்கு இதற்கு உடனே பதில் வரும்.

வண்டியே வேண்டாம் என்றால், சன்னபட்டணா இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான், மைசூர் ரயில்கள் பலவும் அங்கே நிற்கும். ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் கலாநகர் என்று சொல்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், சுழலும் மரத்தில் நிறம் ஏறுவதை அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.